பெயர் போட வேண்டாம் என்ற ஆச்சியை மலரில் போடலாமா?

கரைச்சிக் குடியான் எழுதியது:

எல்லாருக்கும் தோத்திரம். கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் உள்ள சின்னச் சபை எங்களுடையது. 2010இல் மீளக் குடியேறி வந்தபோது கூரையும் இல்லை, கதிரையும் இல்லை. தறப்பாளுக்குக் கீழே பாய் விரித்து ஆராதனை தொடங்கினோம். அதை நினைத்து இப்போது ஒரு மலர் போடுகிறோம். 64 பக்கம். பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

மலரின் கடைசியில் நன்றிப் பக்கங்கள். போதகர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், காணி எழுதித் தந்தவர், கூரைத் தகரத்துக்குக் காசு அனுப்பிய வெளிநாட்டு உறவுகள், பாடகர் குழு என்று பட்டியல் எடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுத்தேன். பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை வருடச் சேவை. அவ்வளவுதான். எல்லாம் முடித்துப் பார்த்தால் ஆச்சி இல்லை.

ஞாயிறு விடிய ஐந்து மணிக்குக் கதவு திறப்பவர் ஆச்சி. சனி பின்னேரம் நிலம் கழுவுவார், பீடத்துக்கு மேலே வௌவால் போட்ட எச்சத்தைச் சுரண்டுவார், திருவிருந்துப் பாத்திரங்களை மினுக்குவார். மேசை விரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்து, சிரட்டைக்கரி போட்ட பழைய இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருவார். சண்டைக்கு முந்தின பழைய ஆலயத்திலும் இதே வேலைதான். நான் ஓய்வுநாள் பாடசாலைக்குப் போன காலத்தில் தும்புத்தடியோடு நின்ற அதே ஆச்சி. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். இரண்டு பிள்ளைகள், மகள் வவுனியாவில், மகன் பிரான்சில். தனியாகத்தான் இருக்கிறார்.

படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே வாசித்தார். திருப்பித் தந்தார். "என்ர பேர் வேண்டாம் தம்பி, போடாதைங்கோ" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

குழுவில் பாதிப்பேர் அவருடைய தாழ்மையை மதித்து விட்டுவிடு என்கிறார்கள். மீதிப்பேர் கட்டாயம் போடு, இல்லாவிட்டால் சனம் எங்களைத்தான் குறை சொல்லும் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


ஒலிப்பெட்டி எழுதியது:

போடுங்கோ அண்ணா. எல்லாரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நான் ஆலயத்துக்கு வெளியில் நின்று போனில் ஒரு படம் எடுத்துத் தருகிறேன், ஆச்சி கூட்டுகிற மாதிரி, முகம் தெரியாமல். முதுகு மட்டும். அருமையாக இருக்கும்.


பழைய போதகர் எழுதியது:

நான் வன்னியில் முப்பது வருடத்துக்கு மேல் ஊழியம் செய்தவன். இந்தக் கேள்வியைப் பல தடவை கண்டிருக்கிறேன். என் பதில், போடாதீர்கள்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் மூன்று காரியங்களை எடுக்கிறார். தர்மம், ஜெபம், உபவாசம். மூன்றிலும், மனுஷர் காணவேண்டும் என்று செய்கிறவர்களைப் பற்றி ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்: "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது." அங்கே வருகிற கிரேக்கச் சொல் அந்தக் காலத்துக் கடைக்காரரின் சொல். முழுக் காசும் பெற்றுக்கொண்டேன் என்று பற்றுச்சீட்டில் எழுதுகிற சொல். கைதட்டல் கிடைத்ததா, சரி, கணக்கு முடிந்தது. இனிப் பிதாவிடம் கேட்க எதுவும் இல்லை.

ஆச்சி அந்தக் கணக்கை முடிக்க விரும்பவில்லை. "அந்தரங்கத்தில் பார்க்கிற உன் பிதா தாமே உனக்கு வெளியரங்கமாய்ப் பலனளிப்பார்" என்று எழுதியிருக்கிறது. 64 பக்க மலருக்காக அந்தப் பலனை நாங்கள் ஏன் குறைக்கவேண்டும்?

வயல்காரருக்கு ஒன்று சொல்கிறேன். சிறுபோகத்தில் வட்டவிதானை, அதுதான் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், இரவிரவாக வாய்க்கால் வழியே நடந்து மடை திறப்பார், அடைப்பார். தண்ணீர் கடைசி வயல்வரைக்கும் வந்தால் ஒருவரும் அவர் பெயரை எடுக்கமாட்டார்கள். வராத அன்றைக்குத்தான் பெயர் சொல்லித் திட்டுவார்கள். ஆலயத்திலும் பெயர் வெளியில் வராத வேலைதான் நன்றாக நடக்கிற வேலை.


மாந்தைக்காரன் எழுதியது:

போதகர் ஐயாவுக்கு வணக்கம். நான் கத்தோலிக்கன், மன்னார்ப் பக்கம். வட்டவிதானைக் கதை நல்ல கதை. ஒரு சின்ன விஷயம் மட்டும். எங்கள் வேதாகமத்தில் அந்த "வெளியரங்கமாய்" இல்லை. மறைவாய் உள்ளதைக் காணும் தந்தை கைம்மாறு அளிப்பார், அதோடு வசனம் முடிகிறது. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்தச் சொல் இல்லை, பிற்காலப் படிகளில்தான் வருகிறது. இது சண்டை பிடிக்கிற விஷயம் இல்லை. ஆனால் எனக்கு அது இல்லாமல் இருப்பதுதான் பிடிக்கும். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் பரிசு கிடைக்கும் என்று மறைவாகச் செய்தால், அது தவணைக்குக் கடன் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, எங்கள் மதத்தைத் தடை செய்தார்கள். குருக்கள் இல்லை, பூசை இல்லை. யோசேப் வாஸ் அடிகளார் கோவாவில் இருந்து வேடம் மாறி வந்து சேர்ந்தது 1687இல். இடையில் 29 வருடம். அந்த 29 வருடமும் செபத்தை வாய்ப்பாடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஊர்ச் சனம்தான். 1670இல் மாந்தையில் இருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக்காட்டுக்குள் போனதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இருபது என்ற எண்தான் வாயில் நிற்கிறது, பெயர்கள் நிற்கவில்லை.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலையில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பின்னேரமே மடு மாதா கோவிலுக்கு வந்தார். நான் அங்கே நின்றவன். வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம். அவர் வரும்வரைக்கும் அடுப்பு நெருப்பை அணையாமல் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை, சும்மா சொல்கிறேன். அடுத்த நாள் விடிய மைதானத்தில் போத்தல் பொறுக்கினோம். படம் எடுக்க ஒரு ஈ காக்கா இல்லை.


தருமபுரம் ரீச்சர் எழுதியது:

எல்லாரும் நன்றாக வசனம் சொல்கிறீர்கள். எனக்கு ஒரு சின்னக் கேள்வி.

ஒரு ஆலயத்தின் நிலம் கழுவக் கிழமைக்கு எவ்வளவு சவர்க்காரத் தூள் முடியும்? அதை யார் வாங்குகிறார்கள்? கரித்துண்டுக்கும் மெழுகுதிரிக்கும் யாருடைய காசு? ஆச்சிக்கு மாதம் ஏதாவது கொடுக்கிறீர்களா?


குளிர்நாட்டுத் தம்பி எழுதியது:

வணக்கம், ரொறன்ரோவில் இருந்து. நானும் அந்தச் சபைப் பிள்ளைதான், 2007இல் வெளியே வந்துவிட்டேன். வாசிக்கக் கண் கலங்கிவிட்டது. ஆச்சிக்குக் கட்டாயம் ஒரு கௌரவிப்பு வைக்கவேண்டும். மலர் வெளியீட்டு மேடையில் பொன்னாடை போர்த்து, கேடயம் கொடுப்போம். முழுச் செலவும் என்னுடையது. பெயர் பலகையில் "மறைவான ஊழியத்தின் மாணிக்கம்" என்று போடலாம்.


தருமபுரம் ரீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் மனது நல்ல மனது. ஆனால் மறைவான ஊழியத்துக்கு மேடையில் கேடயமா? ஆச்சி அந்தப் பொன்னாடையை என்ன செய்வார் தெரியுமா? தோய்த்து, தேய்த்து, பிரசங்க மேசைக்கு விரிப்பார்.


குளிர்நாட்டுத் தம்பி எழுதியது:

அதுவும் சரிதான். மன்னியுங்கோ ரீச்சர்.


முல்லைக்கரை எழுதியது:

நான் சைவக்காரன், இங்கே வாசிக்க மட்டும் வருவேன். ஒன்று சொல்லலாமா? வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் எவ்வளவு சனம் வரும் என்று வன்னியில் உள்ள எல்லாருக்கும் தெரியும். காவடி, தூக்குக்காவடி, கடல்நீரில் எரிகிற விளக்கு, எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுவார்கள். மூன்று நாள் கழித்து அந்த வெளிக்குப் போய்ப் பாருங்கள். நாலைந்து பேர் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டு நிற்பார்கள். நான் அங்கே நின்றபோது ஒருவரிடம் "களைப்பு இல்லையா" என்று கேட்டேன். "சனம் நிக்கேக்க அம்மாளைப் பாக்க இடம் இல்லை, இப்பதான் எனக்கும் அவவுக்கும் கதைக்க நேரம்" என்றார். உங்கள் ஆச்சிக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம்.


பழைய போதகர் எழுதியது:

அருமை, முல்லைக்கரை. அடிக்கடி எழுதுங்கள்.


கரைச்சிக் குடியான் எழுதியது:

ரீச்சர் கேட்டது மண்டைக்குள் நின்று குடைந்தது. நேற்றிரவு பொருளாளர் வீட்டுக்குப் போய்ப் பழைய கணக்குக் கொப்பிகள் எல்லாவற்றையும் பார்த்தேன். பொருளாளர் அண்ணை கொஞ்சம் முகம் சுளித்தார், பரவாயில்லை.

மின்சாரம் இருக்கிறது. ஒலிபெருக்கி திருத்தம் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் இருக்கிறது (ஒலிப்பெட்டி கவனிக்கவும்). விருந்தினர் போதகருக்கு மாலை, தேத்தண்ணி, வாழைப்பழம். சவர்க்காரம் என்று 2018 தை மாதத்தில் ஒரு வரி, 180 ரூபாய். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஆலயம் அழுக்காகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்கு ஞாபகம் இல்லை.

ஆச்சிக்கு "கைச்செலவு" என்று மாதம் 1500 எழுதியிருக்கிறது. 2022இல் அரிசியும் பால்மாவும் மண்ணெண்ணெயும் நாங்கள் கண்டிராத விலைக்கு ஏறியபோதும் அதே 1500. அந்த வருடம் போதகரின் படியைக் கூட்டினோம். கூட்டியது சரிதான், நானும் கை உயர்த்தியவன். ஆச்சியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.


தருமபுரம் ரீச்சர் எழுதியது:

அதைத்தான் நினைத்தேன். எங்கள் ஆலயத்திலும் இதேதான், எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். மறைவாகச் செய் என்று ஆண்டவர் சொன்னது கொடுக்கிற கைக்கு. நாங்கள் அதைப் பார்க்கிற கண்ணுக்குச் சொன்னதாக எடுத்துவிட்டோம். ஆச்சி மறைவாகச் செய்யட்டும், அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். நாங்கள் காணாமல் இருப்பதற்கு ஒரு வசனமும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். "தாழ்மை", "மறைவான ஊழியம்" என்ற சொற்களை நாங்கள் யாருக்குப் பாவிக்கிறோம் என்று யோசியுங்கள். கூட்டுகிறவருக்கு, சமைக்கிறவருக்கு, கிழவிகளுக்கு. பிரசங்கியை ஒருநாளாவது "நீங்கள் பெயர் போடாமல் மறைவாகப் பிரசங்கியுங்கள்" என்று கேட்டிருக்கிறோமா?


பழைய போதகர் எழுதியது:

ரீச்சர், இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். உங்கள் கடைசி வரி என்னைத் தொட்டுவிட்டது. என் பெயர் போட்ட நோட்டீஸ்கள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன.

யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று இருக்கிறது. நான் அதை எப்போதும் நெல்லு முதலாளிமாருக்குத்தான் பிரசங்கித்தேன். ஆலயத்தின் நிலத்தைக் கழுவியவரின் கூலியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆச்சி எப்போது கூக்குரலிட்டார் என்று கேட்பீர்கள். முதலில் கூக்குரலிடுவது வேலைக்காரர் இல்லை, பிடித்துவைத்த கூலி; அறுத்தவர்களின் கூக்குரல் அதற்குப் பிறகுதான் வருகிறது. வசனம் அப்படித்தான் இருக்கிறது. இப்போதுதான் கவனித்தேன்.

அப்போஸ்தலர் ஒன்பதாம் அதிகாரத்தில் வருகிற யோப்பா பட்டணத்துத் தொற்காளையும் நினைத்துப் பார்த்தேன். அவள் தைத்த உடுப்புகளை அவள் தூக்கிக் காட்டவில்லை. செத்துக் கிடக்கிறாள். விதவைகள்தான் அழுதுகொண்டு பேதுருவிடம் அங்கிகளைக் காண்பித்தார்கள். பெற்றவர்கள் காட்டினால் அது பெருமை இல்லை போலிருக்கிறது. ஆகவே "போடாதீர்கள்" என்று நான் முதலில் சொன்னதை இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.


ஒலிப்பெட்டி எழுதியது:

ஒலிபெருக்கி விஷயத்தில் என்னைக் கிண்டல் பண்ணாதைங்கோ அண்ணா, எலி வயரைக் கடிக்கிறதுக்கு நான் என்ன செய்ய.

படம் எடுக்கிற கதையையும் விடுகிறேன். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் கதவு திறந்து எங்கள் பக்கம் தண்ணீர் ஏறினபோது நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் இருந்தோம். உலருணவுப் பொதி கொண்டு வந்தவர்கள் ஒவ்வொரு அம்மாவையும் பொதியைக் கையில் பிடித்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். என் அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினா. "அம்மா இங்கால பாருங்கோ" என்று மூன்று தரம் சொல்லவைத்துத்தான் பொதியை விட்டார்கள். அதே நாட்களில் இரவில் யாரோ வந்து எங்கள் வளவுக் கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணிவிட்டுப் போயிருந்தார்கள். இன்றைக்கு வரைக்கும் யார் என்று தெரியாது. அம்மா அந்தப் பருப்பைப் பற்றி ஒருநாளும் கதைக்கமாட்டா. கிணற்றைப் பற்றி இப்போதும் கதைப்பா.

ஆச்சியின் முதுகை எடுக்கிறேன் என்று முதல் சொன்னதும் அதே வேலைதான் என்று இப்போது விளங்குகிறது.


மாந்தைக்காரன் எழுதியது:

ஒலிப்பெட்டித் தம்பி, நன்றாகச் சொன்னீர்கள்.

யேசு சபையில் அல்போன்ஸ் ரொட்ரிகஸ் என்று ஒரு சகோதரர் இருந்தார். ஸ்பெயினில் கம்பளி வியாபாரி. மனைவியும் பிள்ளைகளும் செத்து, வியாபாரமும் படுத்து, வயது போன பிறகு சபையில் சேர்ந்தார். மயோர்க்காத் தீவில் ஒரு கல்லூரியின் வாசல் கதவு திறக்கிற வேலை கொடுத்தார்கள். நாற்பது வருடத்துக்குக் கிட்ட அதே கதவு. 1617இல் செத்தார். அந்தக் கதவடியில் அவரோடு கதைத்துக் கதைத்துத்தான் பீற்றர் கிளேவர் என்ற இளம் மாணவன் அமெரிக்காக் கண்டத்துக்குப் போகத் துணிந்தான். கார்த்தஹேனாத் துறைமுகத்தில் அடிமைக் கப்பல்களில் வந்து இறங்கினவர்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பணி செய்தான். இரண்டு பேருக்கும் 1888இல் ஒரே நாளில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்த நாளில் எனக்குப் பிடித்தது, கப்பலடியில் நின்றவரையும் கதவடியில் நின்றவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. தாவீது ராசாவும் அப்படித்தானே, சண்டைக்குப் போனவனுக்கும் மூட்டைகளுக்குக் காவல் இருந்தவனுக்கும் சரிபங்கு என்று சட்டம் போட்டார்.

மலருக்கு ஒரு யோசனை. மாற்கு 14இல் பெத்தானியாவில் ஒரு பெண் பரிமள தைலத்தை ஆண்டவரின் தலையில் ஊற்றுகிறாள். சுவிசேஷம் போகிற இடமெல்லாம் இவள் செய்ததும் சொல்லப்படும் என்கிறார் ஆண்டவர். மாற்கு அவள் பெயரை எழுதவில்லை! செய்ததை எழுதினார், பெயரை விட்டார். நீங்களும் அப்படிச் செய்யலாம். "ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த நிலம் கழுவப்பட்டது" என்று ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி.


குளிர்நாட்டுத் தம்பி எழுதியது:

அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கேடயத்துக்கு வைத்த காசை ரீச்சர் சொல்கிற விதத்தில் பாவியுங்கோ.

இதை வாசிக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. 2012இல் கலியாண எழுத்துக்கு எனக்கு ஞானஸ்நானப் பத்திரம் தேவைப்பட்டது. ஆலயமே தரைமட்டமாகிவிட்டது, இனி எங்கே எடுப்பது என்று நினைத்துக்கொண்டுதான் கடிதம் போட்டேன். ஒரு மாதத்தில் பிரதி வந்தது. பழைய பதிவேட்டில் இருந்து எடுத்தது என்று போட்டிருந்தது. அந்தப் பதிவேடு எப்படித் தப்பியது? யாருக்காவது தெரியுமா?


கரைச்சிக் குடியான் எழுதியது:

ஆச்சிதான். 2009 தை மாதம் சண்டைக்குப் பயந்து ஊர் கிளம்பினபோது பதிவேட்டைப் பால்மாப் பைகளில் சுற்றி உடுப்பு மூட்டைக்குள் வைத்தவர். தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால், கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். திருவிருந்துக் கிண்ணங்களைக் கொண்டுபோக முடியவில்லை, கிணற்றுக்குள் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து இறைத்துத்தான் எடுத்தோம், இரண்டு கிடைத்தது. பதிவேடு மட்டும் கையோடு வந்தது. ஏன் அதைத் தூக்கினீர்கள் என்று ஒருதரமும் நாங்கள் கேட்கவில்லை. இப்போது அது அலுமாரியில் இருக்கிறது, திறப்பும் அவரிடம்தான்.


முல்லைக்கரை எழுதியது:

அத்தனை பேருடைய பெயரையும் சுமந்தவர், தன் பெயர் வேண்டாம் என்கிறார்.


தருமபுரம் ரீச்சர் எழுதியது:

முல்லைக்கரை, எழுத்து வடிவாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஆச்சியை ஒரு பிரசங்க உதாரணமாக ஆக்கிக்கொண்டு இருக்கிறோம். ஏன் வேண்டாம் என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? தாழ்மை என்று நாங்கள்தானே சொல்கிறோம். அவர் அப்படிச் சொல்லவில்லையே.

கரைச்சித் தம்பி, போய்க் கேளுங்கள். படிவம் இல்லாமல் போங்கள். ஒரு பெட்டி சவர்க்காரத் தூள் வாங்கிக்கொண்டு போங்கள்.


கரைச்சிக் குடியான் எழுதியது:

போனேன். இன்று பின்னேரம். எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன், கடைசியில் ஆச்சியிடமே கேட்டேன். "ஆர் எண்டு சொல்லாமல் எழுதுங்கோ" என்றார்.

சவர்க்காரத்தை வாங்கி வைத்தார், தேத்தண்ணி தந்தார். கொஞ்சநேரம் வாய்க்கால் தண்ணீரைப் பற்றி, இந்த முறை சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விடுவார்கள் என்பதைப் பற்றிக் கதைத்தோம். பிறகு கேட்டேன். ஏன் ஆச்சி பெயர் வேண்டாம் என்று சொன்னீர்கள்.

உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "பேர் போட்டா ஆருக்கென்ன தம்பி. ஆனால் அந்தத் தாளில பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டிருக்கு. நான் இரண்டு எண்டு எழுதுறதோ, மூண்டு எண்டு எழுதுறதோ?"

நடுவிலான் ஒருவன் இருந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், ஓய்வுநாள் பாடசாலையில் எனக்குத் தவறாமல் பென்சில் தருவான். சண்டை முடிந்த 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்தால் இராணுவத்தின் பக்கம் வந்த பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் இந்த இழையின் முதல் பதிவில் "இரண்டு பிள்ளைகள்" என்று எழுதினேன். கை தானாக எழுதிவிட்டது.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது ஆச்சி அங்கே போகவில்லை. அதையும் நாங்கள் அமைதியான சுபாவம் என்று சொல்லிக்கொண்டோம்.

"இரண்டு எண்டு எழுதினா நான் அவனை முடிச்சுப்போட்டன் எண்டு ஆகும். மூண்டு எண்டு எழுதினா, மூண்டாவது எங்க எண்டு கேப்பினம்" என்றார். பதிவேட்டைப் பற்றியும் கேட்டேன். "அதில மூண்டு பேரும் இருக்கினம். போதும்."

ஆலயம் கழுவுகிறதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். சனி பின்னேரம் ஒருவரும் இல்லாத நேரம் உள்ளே நின்று கொஞ்சம் சத்தமாகக் கதைக்கலாமாம். வீட்டில் சத்தம் போட்டால் பக்கத்து வளவுக்குக் கேட்கும்.


முல்லைக்கரை எழுதியது:

நான் எழுதின அந்த வரியை எடுத்துவிடுகிறேன். மன்னியுங்கோ.


பழைய போதகர் எழுதியது:

தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான் என்று நினைக்கிறேன். பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கும். இந்தச் சனிக்கிழமை வருகிறேன். ஆச்சியிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள், வரலாமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வரமாட்டேன்.


தருமபுரம் ரீச்சர் எழுதியது:

மலருக்கு என்ன முடிவு?


கரைச்சிக் குடியான் எழுதியது:

ஆச்சியின் பெயர் இல்லை, படமும் இல்லை. மாந்தை அண்ணன் சொன்ன அந்த ஒற்றை வரியை வாசித்துக் காட்டினேன். "கழுவப்பட்டது எண்டு போடுங்கோ, ஆனால் எல்லாச் சனியும் இல்லை, காய்ச்சல் வந்த கிழமையும் இருக்கு" என்றார். "பெரும்பாலான சனிக்கிழமைகளில்" என்று திருத்தியிருக்கிறேன்.

செயற்குழு நேற்றுக் கூடியது. கணக்கில் துப்புரவுச் சாமானுக்கு ஒரு வரி. ஆச்சியின் கைச்செலவு இனிச் சம்பளம் என்றே எழுதப்படும். எவ்வளவு என்பதில் இழுபறி, அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை தண்ணீர் அள்ள இரண்டு பெடியன்களைப் போடலாம் என்று யோசித்தோம். ஆச்சி, அவர்கள் தண்ணீரை அள்ளி வைத்துவிட்டு ஐந்து மணிக்கு முன்னமே போய்விடவேண்டும் என்றார். சரி என்றுவிட்டோம்.

படிவத்தில் பிள்ளைகள் பற்றிய வரியை எல்லாருக்குமே எடுத்துவிட்டேன். எடுக்கும்போதுதான் நிரப்பி வந்த படிவங்களை மறுபடி பார்த்தேன். பதினேழில் நான்கு பேர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். மறதி என்று நினைத்து, எனக்குத் தெரிந்த எண்ணை என் கையாலேயே நிரப்பியிருந்தேன்.


தருமபுரம் ரீச்சர் எழுதியது:

அழித்துவிட்டீர்களா?


கரைச்சிக் குடியான் எழுதியது:

மூன்றை அழித்துவிட்டேன். நான்காமவருடைய பக்கம் போன கிழமையே அச்சகத்துக்குப் போய்விட்டது. போன் எடுக்கிறார்கள் இல்லை. விடிய ஐந்தரை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறேன்.